பாட்டு ஏத்திக் கொடுப்பது

போன தை மாதம் என் தாய்மாமனுக்கு எழுபது நிறைந்தது. உடுமலைப்பேட்டையிலிருந்து தளி போகிற ரோட்டில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று போனில் கேட்டேன். "வேட்டி துண்டெல்லாம் பொட்டி நெறையக் கெடக்குதுங் மாப்ள. நம்ம கவிராயரு பாட்டெல்லாம் ஒண்ணாச் சேத்திக் குடுங்க, போதும்" என்றார். உடுமலைப் பக்கத்தில் கவிராயர் என்றால் வேறு யாராகவும் இருக்க முடியாது. பூளவாடியில் 1899-ல் பிறந்து, நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்து, 1981-ல் மறைந்த நாராயணகவி.

நான் கோவையில் இருந்தபடி, என் கைபேசியில் உள்ள இணையப் பாட்டுக் கடையில் இருபத்து நான்கு பாட்டுகளைத் தேடி எடுத்தேன். பரிசாக அனுப்பும் வசதி அங்கேயே இருந்தது. செல்போன் கடைப் பையன் மாமாவுக்குப் போட்டுக்கொடுத்திருந்த மின்னஞ்சல் முகவரியை இட்டு அனுப்பினேன். கடிதம் போய்ச் சேர்ந்தது, பாட்டு போய்ச் சேரவில்லை. பரிசைத் திறக்க அந்தக் கடையில் அவருக்கும் ஒரு கணக்கு வேண்டும். அவர் கையில் இருப்பது வேறு வகைப் போன். அந்த வகைப் போனுக்கு அந்தக் கடையே கிடையாது.

"பாட்டுக் கேக்கறதுக்கு எதுக்குங் மாப்ள கணக்கு?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்ல எனக்குச் சில வாரங்கள் பிடித்தன.

கொங்கு நாட்டில் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் கண்டிப்பான முறைகள் உண்டு. மொய்க்கு நோட்டு உண்டு, சீருக்கு வரிசை உண்டு. எனக்குக் காது குத்தியபோது இதே மாமா சீராகக் கொண்டுவந்த எவர்சில்வர் குடம் இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பாத்திரக் கடையில் பெயர் வெட்டும் ஊசியால் புள்ளி புள்ளியாக அவர் பெயரும் தேதியும் குடத்தின் தோளில் பதித்திருக்கிறார்கள். பெயர் அவருடையது, குடம் எங்களுடையது. நாற்பது வருடமாக அதில் தண்ணீர் பிடிக்க யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. கொடுத்தவரை நினைவில் வைத்துக்கொண்டு, பொருளை மட்டும் முழுதாக வாங்கியவர் கையில் விட்டுவிடுவது சீர். இந்த அளவுகோலை வைத்துத்தான் இணையத்தில் வாங்கும் பாட்டைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். பரிசு கொடுப்பவர் கையை விட்டுப் போகிறதா, வாங்குபவருடையதாகவே ஆகிறதா என்பதே கேள்வி.

பாட்டைப் பரிசாகக் கொடுக்கும் பழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல. எண்பதுகளில் தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கடைவீதிகளில் எல்லாம் ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. பள்ளி நோட்டில் ஒரு தாளைக் கிழித்துப் பாட்டுகளின் பெயரை வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், இரண்டு மூன்று நாளில் கேசட்டில் பதிந்து வைத்திருப்பார்கள். அறுபது நிமிடக் கேசட்டில், பழைய பாட்டு என்றால், இரு பக்கமும் சேர்த்துப் பதினெட்டு வரை அடங்கும். தங்கைக்குக் கல்யாணமாகிப் போகும்போது ஒன்று, துபாய்க்குப் போகும் சேக்காளிக்கு ஒன்று என்று பதிந்து கொடுப்பார்கள். மாமா ஒரு காரியம் செய்வார். கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு மூலையிலும் சின்னதாக இரண்டு பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். பதிவு முடிந்ததும் பேனா முனையால் அவற்றை உடைத்துவிடுவார். பற்கள் போய்விட்டால் யாரும் தவறுதலாக அதன்மேல் வேறு பாட்டைப் பதிந்துவிட முடியாது. பின்னாளில் அழித்துப் பதிய வேண்டுமென்றால் அந்தக் குழியின் மேல் ஒரு துண்டு செல்லோ டேப்பை ஒட்டினால் போதும். கேசட்டுக்கும் ஒரு பூட்டு இருந்தது, சாவி வாங்கியவரிடமே இருந்தது.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் கேசட்டை வெளியிட்டு, அதன் அளவுகளையும் அமைப்பையும் மற்ற நிறுவனங்களும் கட்டணமின்றிப் பயன்படுத்த விட்டது. அதனால் ஜப்பான் கேசட்டு டெல்லியில் செய்த டேப்ரிக்கார்டரில் பாடியது, உடுமலையில் பதிந்தது துபாயில் பாடியது. எந்தக் கம்பெனி டேப் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு யாரும் கேசட்டுப் பரிசளித்ததில்லை. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து வகுத்த குறுந்தகட்டுக்கும் இதே பொதுத்தன்மை இருந்தது.

அடுத்து மெமரி கார்டு வந்தது. செல்போன் கடையில் "பாட்டு ஏத்தணுங்க" என்று கார்டைக் கழற்றிக் கொடுப்பார்கள். கடைக்காரர் தன் கணினியில் எம்ஜிஆர் ஹிட்ஸ், ராஜா ஹிட்ஸ், முருகன் பாட்டு என்று பிரித்து வைத்திருக்கும் கோப்புறைகளிலிருந்து அள்ளி ஏற்றித் தருவார். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் புறப்படுவதற்கு முந்தின நாள் வந்து ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். பிறகு புளூடூத், அதற்குப் பிறகு ஷேர்இட், ஜென்டர் போன்ற செயலிகள். இவ்விரண்டும் 2020 ஜூனில் இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் இருந்தன. இப்படி ஏறிய பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாடியவருக்கோ எழுதியவருக்கோ ஒரு காசும் போகவில்லை. அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் பரிசு என்ற அளவில் அந்தக் கார்டு முழுமையானது. அடுத்த போனில் போட்டாலும் பாடியது.

கணினியில் உள்ள பாட்டுக்குப் பூட்டுப் போட்ட கதையை 2003-லிருந்து சொல்லலாம். அந்த ஏப்ரலில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸ் கடையைத் திறந்தது. ஒரு பாட்டு 99 சென்ட். அங்கே விற்ற ஒவ்வொரு கோப்பும் ஃபேர்பிளே என்ற பூட்டோடு வந்தது. வாங்கியவரின் கணக்கில் பதிவான கணினியிலும் ஐபாடிலும் மட்டும்தான் அது பாடும். திருட்டுக்குப் பயந்த இசை நிறுவனங்கள் பூட்டு இல்லாமல் பாட்டைத் தர மறுத்தன என்பது ஒரு காரணம். ஆனால் பூட்டு விழுந்ததும் அதற்கு இன்னொரு வேலை வந்து சேர்ந்தது. ஐபாடுக்காக வாங்கிய பாட்டு வேறு கருவியில் பாடாது என்பதால், அடுத்த கருவியும் ஐபாடாகவே இருக்க வேண்டியதாயிற்று. 2004-ல் ரியல்நெட்வொர்க்ஸ் நிறுவனம், தான் விற்கும் பாட்டை ஐபாடிலும் பாட வைக்க ஹார்மனி என்றொரு வழி கண்டுபிடித்தது. சில மாதங்களிலேயே ஆப்பிள் தன் மென்பொருளை மாற்றி அந்த வழியை அடைத்தது. மைக்ரோசாஃப்ட்டின் கதை இன்னும் வேதனையானது. எம்எஸ்என் மியூசிக் கடையில் வாங்கிய பாட்டுகளுக்கு இனிப் புதுச் சாவி வழங்கமாட்டோம் என்று 2008-ல் அறிவித்தார்கள். கணினியை மாற்றினால் காசு கொடுத்து வாங்கிய பாட்டு ஊமையாகிவிடும் நிலை. எதிர்ப்பு கிளம்பியதும் கெடுவைத் தள்ளிவைத்தார்கள்.

2007 பிப்ரவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு திறந்த மடல் எழுதினார். ஆயிரம் பாட்டுள்ள ஐபாடில் பூட்டோடு வாங்கியவை சராசரியாக 22 மட்டுமே என்பது அதில் அவர் போட்ட கணக்கு. மற்றதெல்லாம் குறுந்தகட்டிலிருந்தும் பிற வழிகளிலும் பூட்டில்லாமல் வந்தவை. இந்த இருபத்திரண்டுக்காக எதற்குப் பூட்டு என்று கேட்டார். அந்த ஏப்ரலில் இஎம்ஐ நிறுவனம் இசைந்தது. 2009 ஜனவரியில் மற்ற பெரிய நிறுவனங்களும் இசைந்தன.

இந்தியாவுக்கு இந்த வகைக் கடை வந்தபோது பூட்டின் காலம் முடிந்திருந்தது. 2012 தொடக்கத்தில் ஃபிளிப்கார்ட், ஃபிளைட் என்ற பெயரில் எம்பி3 பாட்டுகளைப் பூட்டில்லாமல் விற்கத் தொடங்கியது. எந்தக் கருவியிலும் பாடும் கோப்பு, இந்திய விலை, தமிழ்ப் பாட்டும் உண்டு. பாட்டைப் பரிசளிக்க நினைக்கும் ஒருவருக்கு நம் நாட்டில் அமைந்த சரியான கடை அதுதான் என்பது என் எண்ணம். 2013 நடுவிலேயே அதை மூடிவிட்டார்கள். இலவசமாகப் பாட்டு ஏற்றித் தரும் கடைவீதியோடு அது போட்டி போட வேண்டியிருந்தது. அன்று வாங்கியவர்கள் கோப்பை இறக்கி வைத்திருந்தால் அது இன்றும் பாடும். ஐடியூன்ஸ் கடை 2012 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தது.

இன்று அந்தக் கடையில் வாங்கும் பாட்டுக் கோப்பு ஏஏசி வகை. ஆண்ட்ராய்டு போன் எதுவும் அதைத் தடையில்லாமல் பாடும். ஆக, இரண்டு வகைப் போன்களுக்கு நடுவில் நிற்கும் சுவர் கோப்பின் வகையால் எழுந்ததல்ல. பரிசு போகும் வழி கணக்கு வழியாக மட்டுமே இருக்கிறது. அந்தக் கணக்கும் அனுப்புபவரின் நாட்டிலேயே இருக்க வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் மகள் உடுமலையில் இருக்கும் அப்பாவுக்கு இந்த வழியில் பாட்டு அனுப்ப முடியாது.

கோப்பைத் திறந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். பூட்டை எடுத்த பிறகும், வாங்கியவரின் பெயரும் கணக்கு முகவரியும் கோப்பின் உள்ளே எழுதப்பட்டிருக்கும். பலரும் அன்று இதைக் கண்காணிப்பு என்று கண்டித்தார்கள். எனக்கு மாமாவின் குடம் நினைவுக்கு வந்தது. பெயர் வெட்டிய பாத்திரம் போலப் பெயர் வெட்டிய பாட்டு. பெயர் இருப்பதில் எனக்குக் குறையில்லை, கை மாற வழியில்லாததில்தான் குறை.

வாடகைப் பாட்டுக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். மாதக் கட்டணச் சேவைகளுக்கு இன்று இரு வகைப் போன்களிலும் செயலி இருக்கிறது. ஆப்பிள் மியூசிக் கூட 2015 நவம்பரிலிருந்து ஆண்ட்ராய்டில் கிடைக்கிறது. ஒரு பாட்டுப் பட்டியலைத் தொகுத்துச் சுட்டியை அனுப்பினால் யாரும் கேட்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் நாம் கொடுப்பது பாட்டு இருக்குமிடத்தின் முகவரி மட்டும். ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. பழைய எச்எம்வி இசைத்தட்டுகளின் உரிமையை வைத்திருக்கும் சரிகம நிறுவனம் நீதிமன்றம் போனதால், அந்த ஏப்ரலில் சரிகமவின் பாட்டுகளை ஸ்பாட்டிஃபை இறக்கிவிட்டது. 2020 மே மாதம் ஒப்பந்தம் ஆகும்வரை அவை அங்கே இல்லை. ஐம்பதுகளின் தமிழ்ப் பாட்டைத் தேடியவருக்கு அந்த ஓராண்டு பெரிய பள்ளம். ஏர்டெல்லின் விங்க் 2014-ல் வந்தது, 2024-ல் மூடப்போவதாக அறிவித்தார்கள். அங்கே பத்து வருடமாகச் சேர்த்த பட்டியல்களின் கதியை நினைத்துப் பார்க்கலாம். இதே சரிகம 2017-ல் கொண்டுவந்த கார்வான் பெட்டி, பாட்டுகளை உள்ளேயே ஏற்றிப் பழைய ரேடியோ வடிவில் வந்தது, தமிழிலும் வந்தது. பிள்ளைகள் பெற்றோருக்குக் கொடுக்கும் பரிசாகவே அது பேர்பெற்றதில் எனக்கு வியப்பில்லை. கணக்கு கேட்காமல் பாடும் பெட்டி அது.

சட்டத்தையும் பார்த்தாக வேண்டும். படித்து முடித்த புத்தகத்தைக் கொடுக்கலாம், விற்கலாம். கேட்டு முடித்த கோப்பை? அமெரிக்காவில் ரெடிஜி என்ற நிறுவனம், ஐடியூன்ஸில் வாங்கிய பாட்டை மறுவிற்பனை செய்ய வழி அமைத்தது. விற்பவர் கணினியிலிருந்து நீங்கி வாங்குபவரிடம் போகும்படி செய்திருந்தார்கள். கேப்பிடல் ரெக்கார்ட்ஸ் தொடுத்த வழக்கில் 2013-லும், மேல்முறையீட்டில் 2018-லும் ரெடிஜி தோற்றது. கோப்பு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்வதில்லை, அங்கே புதிதாக ஒரு படி உண்டாகிறது, படியெடுக்கும் உரிமை வாங்கியவருக்கு இல்லை என்றது நீதிமன்றம். சொல்லளவில் அது சரிதான். ஆனால் மனிதர்கள் பாட்டைக் கைமாற்றி வந்த வழக்கத்துக்கு அதில் இடமே இல்லை.

நம் நாட்டுச் சட்டம் சற்று இளகியது. 2012-ல் திருத்திய காப்புரிமைச் சட்டம், சொந்தப் பயன்பாட்டுக்கு நியாயமான அளவில் படியெடுப்பதைக் குற்றமாக்கவில்லை. மின்னணுப் பூட்டை உடைப்பதும் உரிமையைப் பறிக்கும் நோக்கம் இருந்தால்தான் குற்றம், சட்டம் தடுக்காத காரியத்துக்காக என்றால் இல்லை. ஒலிப்பதிவுக்கு உரிமைக்காலம், வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு. 1949-ன் 'வேலைக்காரி', 'நல்லதம்பி', 1952-ன் 'பராசக்தி', 1954-ன் 'தூக்குத் தூக்கி', 'மனோகரா' என்று கவிராயர் பாட்டெழுதிய படங்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். பராசக்தியில் சி.எஸ். ஜெயராமன் பாடிய காக்கைப் பாட்டின் ஒலிப்பதிவுக்கு உரிமைக்காலம் 2012 டிசம்பரோடு முடிந்துவிட்டது. சொல்லுக்கும் மெட்டுக்கும் தனிக் கணக்கு உண்டு. அது ஆக்கியவர் மறைந்து 60 ஆண்டுவரை போகும். ஆனால் ஒலிப்பதிவைப் பொதுச்சொத்து என்று சட்டம் சொன்ன பிறகும், வாடகைச் செயலியில் இறக்கிய அதே பாட்டு பூட்டோடுதான் இருக்கிறது. பூட்டுக்கு நாள்காட்டி தெரியாது.

பாட்டின் உரிமையையே பரிசாகக் கொடுத்த முன்னுதாரணம் நம்மிடம் இருக்கிறது. பாரதியின் பாட்டுகளை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. பாரதி பாட்டு எல்லாருக்கும் பொதுவாக வேண்டும் என்று கிளர்ச்சி எழுந்தது. 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு உரிமையை ஏற்க முன்வந்தபோது, செட்டியார் விலை கேட்காமல் தன் பங்கைக் கொடுத்தார். ஆ.இரா. வேங்கடாசலபதி இந்த வரலாற்றை நூலாகவே எழுதியிருக்கிறார். யார் வேண்டுமானாலும் பாடலாம், பதியலாம், அச்சிடலாம் என்றானது. எந்தக் கருவி வைத்திருப்பவருக்கும் சேரும் பரிசு என்றால் அதைத்தான் சொல்லவேண்டும்.

மாமாவுக்கு வருகிறேன். வாங்கிய இருபத்து நான்கும் என் கணினியில் பூட்டில்லாத கோப்புகளாக இருந்தன. உரிமைக்காலம் முடியாத ஒலிப்பதிவுகளை என் மனைவியின் கணக்கில் இன்னொரு முறை விலைகொடுத்து வாங்கினேன். அவருக்குக் கொடுப்பது என்னுடையதன் படியாக இல்லாமல் அவருக்கென்று வாங்கியதாக இருக்கட்டும் என்றுதான். எல்லாவற்றையும் பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு உடுமலை போனேன். பாட்டு கேட்பது பெரும்பாலும் காரில்தான் என்றார். பத்து வருடத்துக்கு முந்தைய கார். அதன் பாட்டுப்பெட்டி பென்டிரைவைப் பார்த்து ஒன்றும் இல்லை என்றது.

திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். பழைய பெட்டிகள் பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால்தான் படிக்கும். அதை மாற்றினேன். ஏஏசி அதற்குத் தெரியவில்லை, எம்பி3-யாக்கினேன். எம்பி3-க்கான கண்டுபிடிப்புக் காப்புரிமைகள் 2017-ல் காலாவதியாகிவிட்டதால் அதை மாற்றித் தர இன்று யாரும் கட்டணம் கேட்பதில்லை. பாட்டு வந்தது. திரையில் தமிழ்ப் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் வந்தன. ஆங்கில எழுத்தில் மாற்றினேன்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். இருபத்து நான்கு கோப்புகளிலும் பாடியவர் பெயர் இருந்தது, இசையமைத்தவர் பெயர் இருந்தது, படத்தின் பெயர் இருந்தது. எழுதியவர் பெயர் ஒன்றில்கூட இல்லை. நான் இவற்றைத் தேடி எடுத்தபோதும் கவிராயர் பெயரால் தேடிக் கிடைத்தவை குறைவு. படப்பெயரை வைத்துத்தான் ஒவ்வொன்றாகப் பிடித்தேன். எம்பி3 கோப்பின் தகவல் பகுதியில் பாடலாசிரியருக்கென்று ஒரு கட்டம் உண்டு. யாரும் நிரப்புவதில்லை, நிரப்பினாலும் பாட்டுப்பெட்டிகள் காட்டுவதில்லை. இரண்டையும் செய்தேன். பாடலாசிரியர் கட்டத்தை முறையாக நிரப்பினேன். திரையில் தெரியும் பாடகர் கட்டத்திலும் பாடியவர் பெயருக்கு முன்னால் கவிராயர் பெயரைச் சேர்த்தேன்.

சாயந்திரம் திருமூர்த்தி மலைக்குப் போகலாம் என்றார். தளி தாண்டுவதற்குள் நான்கு பாட்டு முடிந்தது. ஐந்தாவது பாட்டு தொடங்கும்போது வண்டியை மெதுவாக்கி, வலது கையால் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். அந்தச் சின்னத் திரையில் பெயர் முழுதாக அடங்காமல் வலமிருந்து இடமாக ஊர்ந்துகொண்டிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தார். முதலில் ஊர் வந்தது, அதன்பின் பேர் வந்தது.

"நம்மூரு பேருல்லங் மாப்ள ஓடுது" என்று சொல்லிவிட்டு வால்யூமைக் கூட்டினார்.